எடை சரியாக இருந்தும் தொப்பை இருக்கிறதே!

கேள்வி: எனக்கு வயது 46. மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்தே வேலை. உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. அண்மையில் நடந்த மருத்துவ முகாமில் பி.எம்.ஐ. 22.8 என்று கணக்கிட்டு, ‘நார்மல்’ என எழுதிக் கொடுத்தார்கள். கை, கால்கள் ஒல்லியாகத்தான் உள்ளன. வயிறு மட்டும் முன்தள்ளி, சுற்றளவு 94 செ.மீ. இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான் கவலைப்பட வேண்டுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் ‘நார்மல்’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பிச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடால்ஃப் கெட்லே, மக்களின் சராசரி உடலமைப்பை ஆராய்வதற்காக வகுத்த கணக்கு இது. தனி ஒருவருடைய உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லாது.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கோ 21.2 சதவீதம். நம்மவர்கள் பலருடைய உடல்வாகு இப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் உலக அளவில் 25-க்கு மேல் அதிக எடை என்றும் 30-க்கு மேல் உடல் பருமன் என்றும் சொல்லப்பட, இந்தியர்களுக்கு அந்த வரம்புகளை 23, 25 என மருத்துவர்கள் குறைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்த 23-க்கு மயிரிழை கீழே நிற்கிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அந்த 94 செ.மீ.யைத்தான். இந்திய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.யையும், பெண்களுக்கு 80 செ.மீ.யையும் எட்டக் கூடாது. உயரத்தில் பாதிக்குள் சுற்றளவு இருக்க வேண்டும் என்பது இன்னும் எளிய கணக்கு. உங்களுக்கு அது 82.5 செ.மீ. தோலுக்கு அடியில் படியும் கொழுப்பைவிட, குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து படியும் கொழுப்பே ஆபத்தானது. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குச் சென்று, இன்சுலின் சரிவர வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றுக்கான வழி அங்கே திறக்கிறது.

முதலில் அளவை ஒருமுறை சரிபாருங்கள். நம் குமரி மாவட்டத்து ஆண்களில் பலர் சாரம் (கைலி) கட்டுகிற இடத்திலேயே டேப்பைச் சுற்றுகிறார்கள். அது தொப்பைக்குக் கீழே இறங்கிவிடுவதால் அளவு குறைத்துக் காட்டும். விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே தையல்காரர் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாதபடி பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி), இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். அப்பாவுக்கு நோய் இருப்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் விட வேண்டியதில்லை; கிழங்கின் அளவைக் குறைத்து, மீனையும் காய்கறியையும் கூட்டுங்கள். வாரத்தில் 150 நிமிடமாவது வேகமாக நடந்து, தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்தால், எடை அப்படியே இருந்தாலும் சுற்றளவு குறையும்.

கேள்வி: என் கணவர் கடலுக்குப் போகிறவர். 170 செ.மீ. உயரம், 76 கிலோ எடை. பி.எம்.ஐ. 26 என்பதால் உடல் பருமன் என்கிறார்கள். வயிறு 82 செ.மீ. தான். சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமா?
– வாசகி, குளச்சல்

பதில்: இந்த அளவுகளைப் பார்த்தால், வலை இழுத்து உரமேறிய தோளும் கையும்தான் அந்த எடையில் பெரும்பங்காக இருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. உயரத்தில் பாதியான 85 செ.மீ.க்குள் வயிறு அடங்கியிருக்கிறது, ஆகவே பி.எம்.ஐ.யை மட்டும் வைத்துச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். கருவாட்டின் உப்பையும், புகைப்பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள். இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் பாருங்கள். கடல் தொழிலை விட்டுக் கரையில் தங்கும் காலம் வரும்போது சாப்பாடு பழைய அளவிலேயே தொடர்ந்தால் தசை குறைந்து வயிறு கூடும். அப்போது மாதம் ஒருமுறை டேப்பை எடுங்கள்.

இந்த அளவுகள் கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணைகள் உண்டு.