சார்ட்டிங் சென்டர் மூடல்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்கத் தபால் துறை 2021 மார்ச்சில் அறிவித்த பத்தாண்டுத் திட்டப்படி, தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஊர்ப்பக்க சார்ட்டிங் சென்டர்களின் வேலை தொலைவிலுள்ள பெரிய மையங்களுக்கு மாற்றப்படுகிறது. அங்கே வாழும் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

மெட்ஃபர்ட், ஓரிகன்: சார், எங்க ஊர் போஸ்ட் ஆபீஸ் அப்படியேதான் இருக்கு. சார்ட்டிங் மட்டும் போர்ட்லண்டுக்குப் போயிடுச்சு. எங்களுக்கு என்ன நஷ்டம்?

மெட்ஃபர்டில் போடும் கடிதம் அடுத்த தெருவுக்கே போவதானாலும், லாரியேறி சுமார் 270 மைல் போர்ட்லண்டுக்குப் போய், அங்கே முத்திரை குத்தி, பிரித்து, அதே 270 மைல் திரும்பி வருகிறது. வழியில் மலைப்பாதை, பனி விழுந்தால் லாரி நிற்கும்.

வீட்டுக்கு வந்த உள்ளூர்க் கடிதம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஸ்டாம்ப் மேல் இயந்திரம் தெளித்த மையில் ஓர் ஊர்ப்பெயரும் தேதியும் இருக்கும். மெட்ஃபர்டில் போட்டதில் போர்ட்லண்ட் என்று இருக்கும். அந்தத் தேதி நீங்கள் பெட்டியில் போட்ட நாள் அல்ல. இயந்திரத்துக்குள் அது முதலில் போன நாள். நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓரிகனில் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்த வாக்குச்சீட்டு ஏழு நாளுக்குள் வந்தால் செல்லும். கடைசி நாள் மாலை தெருவோர நீலத் தபால் பெட்டியில் போட்டால் அந்த முத்திரைக்கு உத்தரவாதம் இல்லை. தேர்தல் அலுவலகப் பெட்டியில் நேரே போடுங்கள்; தபாலில்தான் என்றால் ஒரு வாரம் முன்னதாக.

டலூத், மினசோட்டா: எங்க ஊர் போஸ்ட் ஆபீஸை மூடிடுவாங்களா?

சார்ட்டிங் சென்டர் வேறு, போஸ்ட் ஆபீஸ் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் மனு எழுதினால் மனு வீண். போஸ்ட் ஆபீஸை மூட 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முடிவை எதிர்த்துத் தபால் ஒழுங்குமுறை ஆணையத்தில் 30 நாளுக்குள் முறையிடலாம். அந்தச் சட்டப்பிரிவு சார்ட்டிங் சென்டரைத் தொடாது. உங்கள் ஊரில் வருவது சார்ட்டிங் சென்டர் மாற்றம்தான்.

மான்செஸ்டர், நியூ ஹாம்ஷயர்: அப்படின்னா சென்டர் மூடுறதைத் தடுக்க வழியே இல்லையா அண்ணா?

இருக்கிறது, ஆனால் வாசல் வேறு. ஒரு மையத்தின் வேலையை மாற்றும் முன் துறை ஆய்வு நடத்தி, முதல்கட்ட முடிவின் சுருக்கத்தை வெளியிட்டு, ஊரில் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். கூட்டம் முடிந்து 15 நாள் வரை எழுத்துக் கருத்து எடுப்பார்கள். 16-ஆம் நாள் அனுப்புவது கணக்கில் வராது.

அந்தச் சுருக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்தத் தபால் போகிறது (ஊரிலிருந்து கிளம்புவதா, ஊருக்கு வருவதா), லாரிச் செலவு கூடுகிறதா, சேமிப்புத் தொகை எந்த வேலை நேரத்திலிருந்து வருகிறது. சேமிப்பைப் பெரிதாகக் காட்டி லாரியைச் சின்னதாகக் காட்டுவதுதான் வழக்கமான ஓட்டை. அடிப்படைக் கணக்குத்தாள்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பதிலுக்கு 20 வேலை நாள் அவகாசம் உண்டு என்பதால், நோட்டீஸ் வந்த அன்றே கேட்க வேண்டும்.

கையோடு சோதனைத் தபால் நடத்துங்கள். பத்துப் பேர், ஐந்து நாள், ஆளுக்கு நாளைக்கு ஒரு கடிதம், ஊருக்குள்ளேயே ஒருவருக்கொருவர். ஒட்டும் ஸ்டாம்பே வேண்டும். ஸ்டாம்புக்குப் பதிலாக மீட்டர் இயந்திரம் கட்டணம் அச்சிட்ட உறையில் பெரும்பாலும் முத்திரை விழாது, தேதி கிடைக்காது. போட்ட நாள், மணி, பெட்டியில் எழுதியிருக்கும் கடைசி எடுப்பு நேரம், முத்திரை ஊர், முத்திரைத் தேதி, கைக்கு வந்த நாள் என ஆறு பத்தியில் பட்டியல் போடுங்கள். கடைசி எடுப்புக்குப் பிறகு போட்டதைத் தனியே குறியுங்கள். ஒன்றைச் சேர்த்து எண்ணினாலும் துறை முழுப்பட்டியலையும் தள்ளிவிடும். பெறுபவர் ‘இன்ஃபார்ம்டு டெலிவரி’ இலவசச் சேவையில் சேர்ந்திருந்தால், உறையின் படம் மின்னஞ்சலில் வந்த நாளையும் குறிக்கலாம். படம் வந்து கடிதம் வராவிட்டால் தாமதம் சார்ட்டிங்கில் இல்லை, அதற்குப் பிறகு. இதே சோதனையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நடத்தினால்தான் ஒப்பிட முடியும். முன்பு நடத்தாமல் விடுவதுதான் பெரும்பாலான ஊர்கள் செய்யும் தவறு.

ரீனோ, நெவாடா: எங்க ஊர்ல திட்டம் கைவிடப்பட்டதே, எப்படி?

ரீனோ தபாலை சாக்ரமென்டோவுக்கு அனுப்புவதானால் 7,000 அடிக்கு மேலான டானர் கணவாயைத் தாண்ட வேண்டும். பனிப்புயலில் அந்த நெடுஞ்சாலையை மூடுவது சகஜம். நெவாடாவில் வாக்காளர் எல்லாருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் போகிறது. இரு கட்சிப் பிரதிநிதிகளும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். 2024 ஆகஸ்டில் துறை பின்வாங்கியது. சாலையும் வாக்குச்சீட்டும் எல்லாருக்கும் பொது. அதனால்தான் கட்சி பாராமல் எதிர்ப்பு எழுந்தது.

டல்லாஸ்: கடிதம் எழுதுறவங்களே குறைஞ்சுட்டாங்க. நஷ்டத்துல ஓடுற துறை, மூடட்டுமே. ஏன் உணர்ச்சிவசப்படணும்?

குறைந்தது உண்மை. சாதாரணக் கடிதங்கள் போகும் முதல் வகுப்புத் தபால் 2001-இல் சுமார் 10,370 கோடி உருப்படிகள், 2023-இல் சுமார் 4,600 கோடி. 2024 நிதியாண்டு நஷ்டம் 950 கோடி டாலர். ஆனால் மூடினால் மிச்சமா என்பதுதான் கேள்வி. 2015 ஜனவரியில் மறுநாள் விநியோகத்தைக் கைவிட்டு வேலை நேரங்களை மாற்றினார்கள். 2016, 2017 இரண்டு ஆண்டுகளில் 161 கோடி டாலர் மிச்சம் என்றார்கள். துறையின் சொந்தத் தணிக்கையாளர் கண்டது சுமார் 9 கோடி.

டல்லாஸ்: அது பழைய கதை. புதுத் திட்டம் பெரிய மையம், புது இயந்திரம்.

புதுக் கதை அட்லாண்டா. 2024 தொடக்கத்தில் அங்கே பெரிய மையம் திறந்தது. மார்ச் வாக்கில் உள்ளே வரும் முதல் வகுப்புத் தபாலில் 36 சதவீதம்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மையம் பெரிதாகும்போது இயந்திரத்துக்கு முன்னால் லாரி வரிசையும் பெரிதாகிறது. ஒரு லாரி தவறினால் முன்பு ஓர் ஊர் பிந்தியது, இப்போது ஒரு வட்டாரமே பிந்துகிறது.

ஹூஸ்டன்: டல்லாஸ்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பாதி காலியா இருக்கிற கட்டடத்தை எத்தனை நாள் ஓட்டுறது?

காலிக் கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்லவில்லை. ஊருக்குள்ளேயே போகும் தபாலுக்கு முத்திரை குத்திப் பிரிக்கும் ஓர் இயந்திரத்தை ஊரில் வைத்திருங்கள் என்பதுதான் கோரிக்கை. மிச்சத்தைப் பெரிய மையத்துக்கு அனுப்பட்டும். நஷ்டக் கணக்கில் இந்த நடுவழி பேசப்படுவதே இல்லை.

அயர்ன் மவுண்டன், மிச்சிகன்: எங்க போஸ்ட் ஆபீஸ் மூடுமா?

மேலே டலூத்துக்குச் சொன்ன பதிலேதான்.

கன்சாஸ்: எங்க ஊர்ல சென்டரே கிடையாது. எங்களுக்கு இது சம்பந்தமில்லைதானே?

இருக்கிறது. பெரிய மையத்திலிருந்து 50 மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் போஸ்ட் ஆபீஸ்களில் மாலை லாரியை நிறுத்தும் திட்டத்தை 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று சேர்ந்த தபால் இரவெல்லாம் அங்கேயே கிடந்து மறுநாள் கிளம்பும். ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரி 31-இல் இதை எதிர்த்துக் கருத்துச் சொன்னது, கிராமங்களுக்குத்தான் அடி என்றது. ஆணையத்தின் கருத்து ஆலோசனை மட்டுமே, துறையைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருப்பதால் உங்கள் சோதனைப் பட்டியலின் ஒரு பிரதி அங்குள்ள உங்கள் உறுப்பினர் அலுவலகத்துக்கும் போகட்டும்.

நியூ ஜெர்சி: வருமான வரிப் படிவம் ஏப்ரல் 15 அன்னிக்குப் பெட்டியில போட்டா போதுமா?

போதாது. முத்திரைத் தேதிதான் கணக்கு. கவுன்டருக்குப் போய்ச் சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்பி, ரசீதில் அங்கேயே தேதி முத்திரை வாங்குங்கள். அந்தத் தேதியை வரித் துறை ஏற்கும். வெறும் ‘சர்ட்டிஃபிகேட் ஆஃப் மெயிலிங்’ அதற்கு ஈடல்ல.

சியாட்டில்: விசா விண்ணப்பத்துக்குக் கூடுதல் ஆவணம் கேட்டிருக்காங்க. முத்திரைத் தேதி போதுமா?

இல்லை. குடியேற்றத் துறைக்கு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. கூரியரில் அனுப்புங்கள்.

சிகாகோ: நம்ம இந்தியாவுல தபால் பிரிக்கிற ஆர்.எம்.எஸ் ஆபீஸ்களை இணைக்கிறதைப் பத்தி?

அது வேறு சட்டம், வேறு துறை. அங்குள்ள தபால் ஊழியர் சங்கங்களைக் கேளுங்கள்.

ஸ்போகேன்: போஸ்ட் ஆபீஸ் மூடினா யாருக்கு எழுதணும்?

மூன்றாம் முறை. டலூத் பதிலைப் படியுங்கள்.

மெட்ஃபர்ட்: ஒரே கேள்வி சார். கையால முத்திரை குத்தித் தரச் சொன்னா காசு கேப்பாங்களா?

கேட்கக் கூடாது, இலவசம்தான். ஸ்டாம்ப் ஒட்டிய கடிதத்தை நீட்டி, இன்றைய தேதியில் கைமுத்திரை வேண்டும் என்று சொல்லுங்கள். குத்தியதும் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்து, ஃபோனில் ஒரு படம் எடுத்த பிறகு கொடுங்கள்.