"புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்திப் பாருங்கள்

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். ஏழு வருட அனுபவம். எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) சான்றிதழ்கள் மட்டும் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. ஆனாலும் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மேம்" என்கிறார்கள். இன்டர்னல் பேப்பர் திருத்த உட்கார்ந்தால் அழுகை வருகிறது. பாதிப் பேர் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். இப்போது ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) ஆசிரியர்களுக்கான இரண்டு வார ரெஃப்ரெஷர் கோர்ஸுக்குப் போகச் சொல்கிறார். போனால் பயன் உண்டா? – ஒரு வாசகி

பதில்: பேப்பர் திருத்தும்போது அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அந்த வரியில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. பிள்ளைகளுக்குப் புரியவில்லையே என்று வருந்துகிறவர்தான் மாற முடியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் பாடம் எடுக்க பி.எட். படித்து, வகுப்பறையில் நின்று நடத்திக் காட்டி வர வேண்டும். கல்லூரிக்கு நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்று போதும். நெட் முதல் தாளில் கற்பித்தல் பற்றிக் கேள்விகள் உண்டு, ஆனால் அதுவும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுதான். நமக்குப் பாடம் நடத்தியவர்களைப் பார்த்தே நாம் நடத்தக் கற்றுக்கொண்டோம். நானும் அப்படித்தான் முப்பது வருடம் முன்பு சாக்பீஸைக் கையில் எடுத்தேன்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூருக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டார்கள், அவரை நல்ல ஆசிரியர் என்று பாராட்டவும் செய்தார்கள். 1990 வாக்கில் அவர் அவர்களுக்கு எளிய கருத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைத்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். அப்போது ஒரு மாணவர் கேட்டாராம்: "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" மோதும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சம விசை செலுத்தும் என்கிற நியூட்டனின் மூன்றாம் விதி அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். ஆனால் மனதுக்குள் லாரிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

உங்கள் வகுப்பிலும் இதே கேள்வியைப் போடுங்கள். லாரியும் பைக்கும் என்று மாற்றிக்கொள்ளுங்கள், நம் ரோட்டில் அதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. லாரி, பைக், இரண்டும் சமம் என்று போர்டில் மூன்று விடை எழுதுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் தன் விடையைக் குறிக்கட்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் "ஏன்?" என்று இரண்டு நிமிடம் வாதாடட்டும். தமிழில் பேசட்டும், தடுக்காதீர்கள். பிறகு மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். விசை சமம்தான், நிறை குறைவாக இருப்பதால் பைக்கின் முடுக்கம்தான் அதிகம் என்று கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை தன் வார்த்தையில் சொல்லும். ஆங்கிலச் சொற்களை அதற்குப் பிறகு கொடுங்கள். புரிந்த விஷயத்துக்குப் பெயர் வைப்பது சுலபம்.

இன்னொன்று, கேள்வி கேட்டதும் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது நிற்கிறவருக்கு ஒரு யுகம் போல இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

இது எனக்கு எப்படி உறைத்தது என்றால், துறையில் நண்பர் ஒருவரை என் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. நான் கேட்ட கேள்விகளை மட்டும் குறித்துக்கொண்டார். வெளியே வந்து தாளை நீட்டினார். ஒரு மணி நேரத்தில் பதினான்கு கேள்விகள். பதிமூன்றுக்கு நானே பதில் சொல்லியிருந்தேன். எந்தப் பயிற்சியும் எனக்கு அந்த ஒரு தாள் அளவுக்குச் சொல்லித்தரவில்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஹெச்.ஓ.டி. வேண்டாம், மதிப்பெண் போடுகிறாரோ என்ற பயம் வந்துவிடும். உங்களோடு சாப்பாடு பகிர்ந்துகொள்கிற ஒருவர் போதும். அடுத்த வாரம் அவர் வகுப்பில் நீங்கள் போய் உட்காருங்கள்.

"போர்ஷன் முடியாதே" என்று நினைப்பீர்கள். நியாயமான கவலை. வகுப்புக்கு ஒரு கேள்வி, அதற்கு எட்டு நிமிடம், அவ்வளவுதான் கேட்கிறேன். நோட்ஸ் டிக்டேட் செய்யும் நேரத்திலிருந்து அதை எடுங்கள், நோட்ஸை ஜெராக்ஸாகக் கொடுத்துவிடலாம். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை 2014-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 100-க்கு 34 பேர் தோற்றிருந்தார்கள். மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளில் 22 பேர். பன்னிரண்டு பிள்ளைகளின் அரியர் அம்மா அது.

சரி, ரெஃப்ரெஷர் கோர்ஸ். போங்கள். பதவி உயர்வுக்கு எப்படியும் வேண்டும். முன்பு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று இருந்தவைதான் 2023 முதல் மாளவியா மிஷன் பயிற்சி மையங்களாக இருக்கின்றன. உங்கள் ஊரில் காமராசர் பல்கலைக்கழகத்திலேயே ஒன்று உண்டு. ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். பிள்ளைகள் அதிகம் தடுமாறும் ஒரே ஒரு பாடத்தையும், அவர்கள் தப்பாக எழுதிய நான்கு விடைத்தாள்களின் நகலையும் பெயரை மறைத்து எடுத்துப் போங்கள். டீ இடைவேளையில் மற்ற கல்லூரிக்காரர்களிடம் காட்டி, "இதை நீங்கள் எப்படி நடத்துவீர்கள்?" என்று கேளுங்கள். உரைகளைவிட அந்தப் பேச்சில்தான் உங்களுக்கு அதிகம் கிடைக்கும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைய வகுப்பில் கடைசி மூன்று நிமிடம் ஆளுக்கொரு கிழித்த தாள் கொடுங்கள். "இன்று எது குழப்பமாக இருந்தது?" என்று ஒரு வரி, தமிழிலோ ஆங்கிலத்திலோ, பெயர் எழுதாமல் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். மறுநாள் வகுப்பை அதில் ஒரு தாளை வாசித்துத் தொடங்குங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.