சட்டையில் என் படம், என் பெயரைக் காணோம்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த) என் பாட்டி, நெற்றி விளக்கோடு மரத்தடியில் நிற்பதை வரைந்து முகநூலில் போட்டிருந்தேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் 25 ரிங்கிட்டுக்கு விற்ற டி-சட்டையில் அதே படம், என் கையெழுத்து இல்லாமல். அச்சுக்கடை அங்கிளிடம் கேட்டால், "கூகலில் கிடைத்ததும்மா, உனக்கும் விளம்பரம்தானே" என்கிறார். இன்னொன்று: சமூக மண்டபத்தின் வெளிச்சுவரில் 600 ரிங்கிட்டுக்கு நான் வரைந்து கொடுத்த ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, மண்டபக் குழுவினர் நாட்காட்டி போட்டிருக்கிறார்கள். அதிலும் என் பெயர் இல்லை. எதையும் நான் பதிவு செய்து வைக்கவில்லை. ஒரே ஊர், சண்டை வேண்டாம். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய ஓவியத்தையும் சட்டையின் படத்தையும் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பார்த்தேன். பாட்டி இடது கையை மரத்தில் ஊன்றியிருக்கிறார். பால் வடியும் மங்கு (கிண்ணம்) தொங்கும் கம்பி அவர் விரலுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும், நீங்கள் தவறி முன்னால் வரைந்துவிட்டீர்கள். சட்டையிலும் கம்பி முன்னால்தான் போகிறது. வாளிக்குக் கீழே உங்கள் கையெழுத்தின் மேல் பச்சையைத் தடவி மறைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் கடைசிச் சுழி மட்டும் புல் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. "எனக்கே தோன்றியது, நானே வரைந்தேன்" என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்தச் சட்டை ஒன்றை விலை கொடுத்து வாங்கி, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யவில்லையே என்ற கவலையை விடுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்த உழைப்பில் உருவான ஓவியம் தாளிலோ திரையிலோ பதிவானதுமே உரிமை பிறந்துவிடுகிறது. வரைந்தவர் வாழும் காலமும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். படம் தரமானதா, வரைந்தவர் பெரிய ஓவியரா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. ஆனால் கருத்துக்கு உரிமை கிடையாது. பால்வெட்டும் பாட்டியை நாளைக்கு இன்னொருவர் தன் கையால், தன் பார்வையில் வரைந்தால் அது திருட்டு ஆகாது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்தப் பாட்டி சொந்தம்தானே.

நீங்கள் இரண்டு சங்கதிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பிரதி எடுக்கும் உரிமை வேறு, படத்தில் பெயர் இருக்கும் உரிமை வேறு. சட்டை விஷயத்தில் இரண்டும் உங்களுடையவை. நாட்காட்டி விஷயத்தில் நிலைமை அப்படி இல்லை.

நாட்காட்டியை முதலில் பார்ப்போம், நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்னால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை பதிப்புரிமை வரையச் சொன்னவருக்குப் போய்விட்டதாகவே நம் சட்டத்தின் பிரிவு 26 கொள்கிறது. அந்த 600 ரிங்கிட்டோடு அதுவும் போயிருக்கிறது. இன்னொரு கதவும் அடைபடுகிறது. பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக உள்ள ஓவியத்தைப் பிரதி எடுக்கலாம், வினியோகிக்கலாம் என்று பிரிவு 13 விலக்குத் தருகிறது. ஆகவே நாட்காட்டிக்காகப் பணம் கேட்டுப் போகாதீர்கள், நிற்காது.

ஆனால் பெயர் போகவில்லை. ஆக்கியவர் யாரென்று சொல்லாமலோ, வேறொருவர் பெயரைப் போட்டோ ஒரு படைப்பை முன்வைக்கக் கூடாது என்கிறது பிரிவு 25. படத்தை விற்றாலும் இந்த உரிமை வரைந்தவரோடுதான் இருக்கும், அவர் இறந்த பிறகு அவர் சார்பாளர்கள் கேட்கலாம். உங்கள் பேரும் மானமும் கெடும்படி படத்தைச் சிதைப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. இருபது வயதில் ஒரு திருமண அட்டைக் கடைக்கு 80 ரிங்கிட்டுக்கு ஒரு மயில் வரைந்து கொடுத்தேன். அந்த மயில் பத்து வருஷம் ஊரெல்லாம் அட்டையில் ஆடியது. காசு கேட்க வழியில்லை என்று தெரிந்து ஒதுங்கிவிட்டேன். பெயரையாவது கேட்டிருக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இனி சட்டை. அங்கிளுக்கு உங்களை நன்றாகத் தெரியும், அப்பாவோடு தேநீர் குடிப்பவராகக்கூட இருக்கலாம். அதனால் முதலில் நேரில் போங்கள், திருவிழாக் குழுவிலிருந்து ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த அன்றைக்கே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதி அனுப்பிவிடுங்கள். இதை விடவே கூடாது. திருட்டுப் பிரதி என்று தெரியாமல் நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று நிரூபித்தால் குற்றவழக்கில் அவர் தப்பலாம். உங்கள் செய்தி கையில் கிடைத்த பிறகு அடிக்கும் சட்டைக்கு அந்தச் சாக்கு எடுபடாது. இப்படி எழுதலாம்:

"வணக்கம் அங்கிள். திருவிழாச் சட்டையில் உள்ள பால்வெட்டும் பாட்டி படம் நான் வரைந்தது. அனுமதி கேட்காமல், கையெழுத்தை நீக்கி அச்சடித்திருக்கிறீர்கள். மீதமுள்ள சட்டைகளை விற்க வேண்டாம். எத்தனை அடித்தீர்கள், எத்தனை விற்றது என்று சொல்லுங்கள். என் கட்டணம் இவ்வளவு. இந்தச் சட்டையைப் பற்றிய உங்கள் முகநூல் பதிவில் என் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த வெள்ளிக்குள் பதில் வேண்டும்."

மன்னிப்பும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். விளம்பரம் என்கிறாரே, பெயரே இல்லாத படம் யாருக்கு விளம்பரம்? சட்டையின் முதுகில் அவர் கடையின் தொலைபேசி எண்தான் இருக்கிறது. ஒத்துப்போனால் நல்லது. கட்டணத்தோடு, குழுவினரிடம் சொல்லி அடுத்த நிகழ்ச்சியின் ஒலிபெருக்கியில் உங்கள் பெயரை அறிவிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு.

பதில் வராவிட்டால்? முகநூலுக்கே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது, அதில் புகார் கொடுங்கள். நம் சட்டமும், முறையான அறிவிப்பு கிடைத்தால் இணையச் சேவை தருபவர் 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்கிறது. கடை பிடிவாதம் பிடித்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவிடம் புகார் செய்யலாம். குற்றம் உறுதியானால் பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஐம்பது சட்டைக்குக் கணக்குப் போட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும், அதனால்தான் பேச்சிலேயே முடியட்டும் என்கிறேன். உரிமையியல் வழக்கென்றால், படைப்பு ஒன்றுக்கு 25,000 ரிங்கிட் வரை சட்டப்படியான இழப்பீடு கேட்க வழியுண்டு. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், செலவும் ஆகும். ஒரு திருவிழாச் சட்டைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் சான்றுகளைச் சேர்த்து வையுங்கள். பென்சில் கோட்டுப்படம், பாட்டியைப் பார்த்து வரைந்த புகைப்படம், அடுக்குகள் பிரியாத மூலக் கோப்பு எல்லாம் வேண்டும். புரோகிரியேட் என்ற ஓவியச் செயலியில் வரைந்திருந்தால், அமைப்பை மாற்றியிருக்காவிட்டால், வரைந்த விதம் முழுவதும் அதுவே காணொளியாகப் பதிவாகியிருக்கும். முகநூல் பதிவு நாளைக் காட்டும், ஆனால் ஏற்றும்போது படம் சுருங்கிவிடும், கோப்பின் விவரங்களும் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். உங்களுக்கு உயிரான சில படங்களை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவிடம் அறிவித்து வைக்கலாம். 2012 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது, கட்டாயம் இல்லை. சத்தியப் பிரமாணமும் படத்தின் பிரதியும் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் சான்றுப்பிரதியை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கப்படும்வரை செல்லும் சான்றாக, ஏற்கும்.

இனிமேல் கையெழுத்தை ஓரத்தில் போடாதீர்கள். வாளியின் வளைவில், மரப்பட்டையில் வெட்டிய கோட்டின் போக்கிலேயே எழுதுங்கள். கையெழுத்தை வெட்டி நீக்கினால் படமே கெடும். இணையத்தில் சிறிய அளவில் மட்டும் ஏற்றுங்கள். யாராவது காசு கொடுத்து வரையச் சொன்னால், முன்பணம் வாங்குவதற்கு முன் புலனத்தில் மூன்று வரி: "பதிப்புரிமை என்னிடமே இருக்கும். இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பயன்படுத்தலாம். என் பெயர் இடம்பெற வேண்டும்." அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு தூரிகையை எடுங்கள்.

மண்டபக் குழுவின் செயலாளரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு நாட்காட்டி அச்சுக்குப் போவதற்கு முன், ஓவியத்துக்குக் கீழே உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். சுவரின் மூலையிலும் அதே பெயரை எழுத அனுமதி கேளுங்கள். மிஞ்சிய சாயம் இருந்தால் அன்றைக்கே எழுதிவிடலாம்.