செப்டம்பரில் குழி தோண்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆற்றங்கரை நடவு பற்றியவைதான். நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடையை ஒட்டி ஒரு ஹெக்டேர் இடம். மர வாரத்தில் பிள்ளைகளை வைத்து ஆயிரம் கன்று நடலாமா?

எண்ணிக்கை சரி. மூன்று மீட்டருக்கு ஒன்று என்றால் ஹெக்டேருக்கு 1,111 வரும். நாள்தான் தப்பு. நாடு முழுக்க மரம் நடும் மர வாரம் செப்டம்பர் 1 முதல் 7 வரை. டர்பன் பக்கம் ஆண்டுக்கு 1000 மி.மீ. போலப் பெய்யும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரைதான். செப்டம்பரில் நட்டுவிட்டு யார் தண்ணீர் சுமப்பது? விழாவை நடத்துங்கள், பெரியவர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கன்று நடுங்கள், மிச்சத்தை நவம்பரில் இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு வையுங்கள்.

திட்டத்தை நடவு நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஜூன், ஜூலையில் லந்தானா, குரோமோலேனா என்ற ஆக்கிரமிப்புப் புதர்களை வெட்டி எடுக்க வேண்டும். செப்டம்பரில் அவை மறுபடி துளிர்க்கும், அப்போது இன்னொரு சுற்று. பக்வீட் என்ற களைச்செடி இருந்தால் முகத்தைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். சுண்டைக்காய்ச் செடிக்கு உறவுதான், ஆனால் இலையில் உள்ள மெல்லிய மயிர் பொடிபோல மூக்கில் ஏறினால் இருமல் நிற்காது.

அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று, டிசம்பர் விடுமுறை. பள்ளி மூடியிருக்கும் அந்த வாரங்களில்தான் களை வெறிகொண்டு வளரும். ஒரு தடவை நானே அப்படி விட்டுவிட்டு ஜனவரியில் போய்ப் பார்த்தால், முழங்கால் உயரம் கிக்குயூ புல், விலக்கித் தேடினால் உள்ளே வெளுத்துப்போன குச்சிகள். ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல்லே இருக்கக் கூடாது, இரண்டு மூன்று வருடத்துக்கு. கையில் இருக்கும் பணத்தில் பாதியை இதற்கென்று ஒதுக்காவிட்டால் நடவே வேண்டாம் என்பேன்.

கோயிலை ஒட்டி ஆற்றோரம் நான்கு சிரிங்கா மரங்கள். அம்மன் பூசைக்கு வேப்பிலைக்குப் பதில் அதைத்தான் பறிக்கிறோம். வெட்டியே ஆக வேண்டுமா?

சங்கடமான கேள்வி, அக்கா. சிரிங்கா நம் மலைவேம்புதான், ஆனால் இங்கே அயல் ஆக்கிரமிப்பு மரங்களின் பட்டியலில் இருக்கிறது. ஊருக்குள் ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குச் சலுகை உண்டு. ஆற்றோரத்துக்கு அது கிடையாது, விதை தண்ணீரோடு போய்க் கீழே எல்லாம் முளைக்கும். நான்கையும் ஒரே நாளில் சாய்க்காதீர்கள், கரை வெறுமையாகிவிடும். வருடத்துக்கு இரண்டு போதும். வெட்டிய உடனே அடிக்கட்டையில் களைக்கொல்லி மருந்து தடவுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும்.

2022 வெள்ளத்தில் எங்கள் டொங்காட் வீட்டுப் பின்கரை சரிந்துவிட்டது. எந்த மரம் வைக்கலாம்?

முதலில் மரம் இல்லை, வெட்டிவேர். அந்தப் பெயரே நம்மிடமிருந்து உலகம் முழுக்கப் போனதுதான். மலட்டு ரகத்தை வாங்குங்கள், சரிவுக்குக் குறுக்கே, ஒரு சாண் இடைவெளிக்குள் வரிசையாக. வேர் மூன்று மீட்டர் வரைகூட நேராக இறங்கும். ஓரிரு மழைக்காலம் மண் நின்ற பிறகு மரம். கரையே செங்குத்தாக அறுந்திருந்தால் இதெல்லாம் போதாது, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

உள்ளூர் மரம் மட்டும்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். நமக்குத் தெரிந்தது ஏதாவது உண்டா?

உண்டே! ஜூலு மொழியில் உம்டோனி என்பது நாவலின் உறவு, எப்போதும் ஈரம் நிற்கும் இடத்துக்கு அதைவிட நல்லது இல்லை. உம்சின்சி நம் கல்யாண முருங்கையின் தங்கை, அதே சிவப்புப் பூ. இவற்றோடு முதல் வருடமே ஸ்வீட்தார்ன் முள்மரத்தையும் கலந்து வையுங்கள், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், சீக்கிரம் நிழலும் தரும். வெருலம் பக்கம் பஃபல்ஸ்ட்ராய் குப்பைக்கிடங்கைச் சுற்றிக் கரும்பு விளைந்த நிலத்தில் 2008-இல் தொடங்கிய திட்டத்தில் இப்படி மரம் நட்டிருக்கிறார்கள், அங்கே கன்று வளர்த்துக் கொடுத்ததே சுற்றுவட்டார மக்கள்தான். நீங்களும் இப்போதே விதை பொறுக்கலாம். கடையில் வாங்கினால் பையிலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள், வேர் அடியில் சுருண்டு கிடந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.