பை விற்கிறது, கையில் காசு இல்லை: எங்கே போகிறது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் நானும் என் நாத்தனாரும் எட்டு மாதமாகக் காடா துணியில் பை தைக்கிறோம். இரண்டு மெஷின்; இருவரும் சேர்ந்து நாளைக்கு 120 பை முடிப்போம். 14க்கு 16 அங்குலப் பையை, கடைப் பெயர் அச்சிட்டு, 35 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். தைத்தது எல்லாம் விற்றுவிடுகிறது, ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இருப்பதில்லை. இப்போது ஒரு ஜவுளிக்கடைக்காரர் 2,000 பை கேட்கிறார். விலை 32 ரூபாய், பணம் 45 நாள் கழித்து. ‘நான்-வோவன்’ பையாகத் தைத்தால் இன்னும் நிறைய எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். கடன் வாங்கி இன்னும் நான்கு மெஷின் போடலாமா?

பதில்: மெஷின் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு பைக்குக் கணக்கு எழுதுவோம். நான் போடும் விலைகள் ஒரு பேச்சுக்குத்தான். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

40 அங்குல அகலக் காடா, மீட்டர் 50 ரூபாய் என்று வைப்போம். 14க்கு 16 பைக்கு, அடியில் மடிப்பு வருகிற மாதிரி வெட்டினால் 15 அங்குல அகலமும் 35 அங்குல நீளமும் வேண்டும். துணியின் அகலத்தில் இரண்டு துண்டு விழும், பக்கத்தில் 10 அங்குலம் மிஞ்சும். அந்தப் 10க்கு 35 துண்டை நீளவாக்கில் இரண்டாகவும், பிறகு குறுக்கே இரண்டாகவும் வெட்டினால் நான்கு கைப்பிடிகள். இரண்டு பைக்கு நான்கு கைப்பிடி சரியாகப் போகும். துணியில் ஒரு விரற்கடை வீணாகாது. 100 மீட்டரில் 224 பை வர வேண்டும். நெசவுப் பழுது, கோணல் எல்லாம் கழித்து 220 என்று வையுங்கள். பைக்குத் துணிச் செலவு 22.70.

நூல் 1 ரூபாய். தையல் கூலி 5. அச்சு 3. வெட்டுவது, நூல் பிசிறு எடுப்பது, இஸ்திரி, கட்டுவது 2. கரண்ட், இடம், மெஷின் தேய்மானம் 2. வண்டிக் கூலி 1. பழுதாகிக் கழித்துவிடும் பைகளுக்காக 1. கூட்டினால் 37.70. இதை நீங்கள் 35க்குக் கொடுக்கிறீர்கள்.

“அப்படியானால் இத்தனை மாதம் எப்படி ஓட்டினோம்?” என்று கேட்பீர்கள். தைப்பதும் வெட்டுவதும் நீங்களே என்பதால் அந்த 7 ரூபாயை எழுதாமல் விட்டிருப்பீர்கள். அதை விட்டால் செலவு 30.70, பைக்கு 4.30 லாபம் மாதிரித் தெரியும். நூறு பைக்கு 430 ரூபாய். அதே நூறு பையை அடுத்த தெருக்காரருக்கு வெறும் கூலிக்குத் தைத்துக் கொடுத்திருந்தால் 700 ரூபாய் வாங்கியிருப்பீர்கள். துணி வாங்கும் கவலையும் இருந்திருக்காது. காணாமல் போகிற காசு உங்கள் இருவரின் கூலிதான். வீட்டுத் தொழிலில் பெண்களின் கூலியைக் கணக்கில் எழுதாமல் விடுவது இந்த ஊர்ப் பழக்கமாகவே ஆகிவிட்டது. எழுதினால் ஏதோ வீட்டாரிடமே சம்பளம் கேட்கிற மாதிரி நமக்கே கூச்சமாக இருக்கிறது.

இப்போது அந்த 2,000 பை. உங்கள் வேகத்தில் 17 நாள் வேலை. கூலி போக மற்ற செலவு மட்டும் 61,400 ரூபாய். அவர் தருவது 64,000. மீதி 2,600. இரண்டு பேர் 17 நாள் உட்கார்ந்ததற்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 76 ரூபாய். அதுவும் துணி வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்து வரும். நான்கு மெஷின் வாங்கினால் இதே நஷ்டத்தை இன்னும் வேகமாகத் தைக்கலாம், அவ்வளவுதான்.

கடனுக்கு விற்பது பற்றி ஒரு சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டியாக. அந்தக் கெடுவுக்குமேல் தாமதித்தால், வாங்கியவர் பணத்தை உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவும் முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பெரிய கடைகளின் கணக்கர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தாலே பேச்சின் தோரணை மாறும். ஆனால் உள்ளூர்க் கடைக்காரர் மேல் வழக்குப் போட்டுவிட்டு அதே கடைத்தெருவில் தொழில் செய்ய முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகையால் பாதிப் பணம் முன்பணம் என்பதே நல்ல சட்டம். பின்னால் நான் சொல்லும் 43 ரூபாய் விலையில் அந்தப் பாதி, துணிச் செலவை ஏறக்குறைய அடைத்துவிடும்.

‘நான்-வோவன்’ விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் அது நெய்யாத பிளாஸ்டிக், பாலிபுரொப்பிலீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களின் பட்டியலில் இந்தப் பை பெயரோடு இருக்கிறது. மத்திய அரசு விதியில் 60 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 60 கிராம்) குறையாத நான்-வோவன் பைக்கு இடம் உண்டு என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்; கடைக்காரர் அதைத்தான் சொல்லியிருப்பார். மாநிலத் தடை இருக்கும் இடத்தில் அதை நம்பி இறங்காதீர்கள். சோதனைக்கு வந்தால் கடைக்காரர் கைகாட்டப் போவது உங்கள் வீட்டைத்தான்.

அடுத்து, துணி. அடக்கமே 37.70 என்பதால் விலையை 35லிருந்து 43க்கு ஏற்ற வேண்டும்; பை அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும். ஈரோட்டு வாரச் சந்தையிலோ பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களிடமோ காடா எடுக்கும்போது மூன்று சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். முதலில், ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகிற சாம்பலைத் தரும். நுனியில் கறுப்பாக ஒரு மணி உருண்டு இறுகினால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. ‘சுத்தப் பருத்தி’ என்று விற்றுவிட்டு வாடிக்கையாளர் முன்னால் நெளிய வேண்டாம். இரண்டாவது, ஒரு முழத் துண்டை வாங்கி, அதில் 10 அங்குலச் சதுரம் பேனாவால் போட்டு, இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்துக் கசக்கிப் பிழியுங்கள். தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்தால், கடையில் நீங்கள் தடிமன் என்று நினைத்தது பசை. காய்ந்த பிறகு சதுரத்தை அளந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்பதும் தெரியும். மூன்றாவதைத் தைத்த பிறகு செய்ய வேண்டும்: மாதிரிப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு இரவு முழுக்க ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் கைப்பிடியின் அடியைப் பாருங்கள். தையல் ஓட்டைகள் வாய் திறந்திருந்தால் அங்கே கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறியாகத் தைக்க வேண்டும். பைக்குக் கொஞ்ச நேரம் கூடும்.

இந்தக் கைப்பிடிக்கு நான் இத்தனை இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது ஒரு பிளாஸ்டிக் பையைவிட மேல். தண்ணீர், உரம் என்று எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. இரண்டாவது எண்ணை வைத்து நிறையச் சண்டை போடலாம். முதல் எண்ணை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. பத்தாவது முறை தேங்காய் வாங்கும்போது கைப்பிடி பிய்கிற பை, மஞ்சள் நிறத்தில் இருந்தாலும் சூழலுக்கு நல்லதல்ல.

மஞ்சள் என்றதும் ஞாபகம் வருகிறது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு, பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்கள் சந்தைகளுக்கு வந்தன. நல்ல காரியம். ஆனால் ‘துணிப்பை என்றால் பத்து ரூபாய்’ என்கிற எண்ணமும் அதோடு வந்துவிட்டது. அந்த விலையோடு நீங்கள் போட்டி போடக் கூடாது. காய்கறிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் பை ஒரு செலவு; ஒரு ரூபாய்க்குக்கூட முகம் சுளிப்பார்கள். பைக்கு மனமுவந்து பணம் கொடுக்கிறவர்கள் வேறு ஆட்கள்: கல்யாண வீட்டுக்காரர்கள்.

தாம்பூலப் பைக்கு 9க்கு 11 அங்குலம் போதும். அதே 40 அங்குலத் துணியில் 25 அங்குல நீளத்துக்கு மூன்று பை விழும். மிஞ்சும் 10 அங்குலத்தில் ஆறு சிறு கைப்பிடிகள். நூறு மீட்டரில் 460 பை எடுக்கலாம். துணிச் செலவு 11 ரூபாய்க்குள். உங்கள் கூலி 6 ரூபாயையும் சேர்த்து அடக்கம் 24க்குள் நிற்கும். 30 ரூபாய் சொல்லுங்கள். 400 பை ஆர்டரில் கூலி 2,400, லாபம் 2,400. நான்கு நாள் வேலை. ஜவுளிக்கடைக்காரரின் 17 நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சில் மூன்று எச்சரிக்கைகள். துணியை வெட்டியதும் அச்சிடுங்கள், அதற்குப் பிறகு தையுங்கள். மை சிந்தினால் துண்டோடு போகும், தையல் கூலி தப்பும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (அச்சிடும் வலைச் சட்டகம்) என்பதால் ஸ்கிரீன் செலவைத் தனியாக வாங்குங்கள். அதைப் பை விலைக்குள் அமுக்கினால் சின்ன ஆர்டரில் அடி வாங்குவீர்கள். காயவைப்பதில் அவசரம் வேண்டாம். தொழில் தொடங்கிய புதிதில், ஒரு ஐப்பசி மழையில், தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பி 400 தாம்பூலப் பைகளை அடுக்கிக் கட்டினேன். மண்டபத்தில் பிரித்தபோது ஒவ்வொரு பையின் முதுகிலும் மணமக்கள் பெயர் இடம் வலம் மாறி இன்னொரு முறை பதிந்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நல்ல வெயிலில் காய்ந்த பிறகும், மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, அச்சின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால்தான் மை பிடிக்கும்.

பெயரும் தேதியும் அச்சிட்ட பையை வேறு யாருக்கும் விற்க முடியாது. எனவே ஸ்கிரீன் போடுவதற்கு முன் முழுப்பணம். கல்யாண வீட்டில் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, மேளக்காரரும் கேட்கிறார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. ஆடியில் மாரியம்மன் கோயில் விழாக் குழுக்களையும் மார்கழியில் தைப்பொங்கலுக்குப் பை கொடுக்கும் கடைகளையும் பாருங்கள்.

வங்கிக் கடனைப் பற்றிச் சுருக்கமாக. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு, சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கான திட்டம். மானியமும் கையில் வராது, மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக நின்ற பிறகே கடனில் கழியும். மாவட்டத் தொழில் மையத்தில், எட்டு மாதமாகத் தைக்கிறோம் என்பதைச் சொல்லியே எந்தத் திட்டம் பொருந்தும் என்று கேளுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து உங்கள் இரண்டு மெஷினுக்கும் ஓய்வில்லாமல் ஆர்டர் வந்தால் மூன்றாவதாக, துணி ஓரம் பிசிறாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்குங்கள், நான்கு வேண்டாம். ஜிஎஸ்டிக்கு, மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் வரை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை தாண்டாமல் பதிவு தேவையில்லை.

ஜவுளிக்கடைக்காரரை விரட்ட வேண்டாம். 500 பை, 43 ரூபாய், பாதி முன்பணம், மீதி சரக்கு இறக்கும்போது என்று சொல்லிப் பாருங்கள். அரிசி தொங்கவிட்ட அந்த மாதிரிப் பையையே கையில் எடுத்துப் போங்கள். மறுத்தால் வருத்தமில்லை, திரும்பி வரும் வழியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் நுழையுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே கல்யாண வீட்டார் உட்காருகிற இடம் அதுதான். மூன்று மாதிரித் தாம்பூலப் பைகளை அச்சகக்காரரின் மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு, பைக்கு 2 ரூபாய் அவருக்கு என்று பேசி முடித்துவிட்டு வாருங்கள்.