எம்113-ல் எத்தனை பேர் என்று கேட்டவருக்கு: 11-ம் சரி, 13-ம் சரி

நீங்கள் கேட்டது இது: வரலாற்று வார்கேம் (நடந்த சண்டைகளை மேஜையில் மாதிரி வண்டிகளும் பகடையும் வைத்து ஆடுவது) ஆடும்போது ஆள் ஏற்றும் கவச வண்டிக்கு எத்தனை பேர் என்று கணக்கு வைப்பது? எம்113 என்ற அமெரிக்கக் கவச வண்டிக்கு ஒரு இடத்தில் 11 என்றும் இன்னொரு இடத்தில் 13 என்றும் போட்டிருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரிதான். டிரைவர், கமாண்டர் என்று வண்டிக்காரர்கள் 2 பேர். பின்னால் உட்கார்ந்து வரும் சிப்பாய்கள் 11 பேர். சேர்த்தால் 13. நம்ம டவுன் பஸ்ஸில் இருக்கை இத்தனை, நிற்பவர் இத்தனை என்று எழுதியிருக்கும், அதில் டிரைவரும் கண்டக்டரும் சேர்த்தியா என்று யாரும் கேட்பதில்லை. வார்கேமில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வண்டி நின்று பின்கதவு இறங்கியதும் யார் குதிக்கிறார்கள், யார் உள்ளேயே இருக்கிறார்கள்? ஆட்டத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

நீங்கள் அனேகமாகப் புதிதாக ஆரம்பித்திருப்பீர்கள். நெட்டில் இருந்து ஒரு விதிப்புத்தகத்தை இறக்கி, எதிரே ஆடும் நண்பரோடு இந்த எண்ணுக்காக மல்லுக்கட்டிவிட்டு இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எங்கள் குழுவிலும் இதே சண்டை வந்தது.

நாங்கள் ஆடுவது திருப்பூரில், நண்பர் ஒருவரின் பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் கிடையாது, கட்டிங் டேபிள் காலியாக இருக்கும். அந்த நீளத்துக்கு மட்டமான மேஜை இந்த ஊரில் வேறு எங்கேயும் கிடைக்காது. ரோல் முடிவில் மிஞ்சிய பச்சை ஃபிளீஸ் துணியை விரித்தால் வயல். நீலக் கழிவுத் துணியைக் கீற்றாக வெட்டிப் போட்டால் வாய்க்கால். வண்டிகளை நானே செய்கிறேன். 72-ல் ஒரு பங்கு அளவில் எம்113 ஏழு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பேட்டர்ன் பட்டறையில் வாங்கி வந்த மரத்துண்டில் உடலை வெட்டி, பட்டி பூசித் தேய்த்து, மேலே துப்பாக்கிக்கு ஒரு குண்டூசி. மேல்தட்டைத் தனியாகக் கழற்றும்படி ஒன்று மட்டும் செய்து வைத்திருக்கிறேன். உள்ளே பக்கத்துக்கு ஐந்தாக எதிரெதிரே இரண்டு பெஞ்ச், தனியாக ஒரு சீட். மொத்தம் 11. புதிதாக வருகிறவர்களுக்கு அதைத் திறந்து காட்டினால் பாதிச் சந்தேகம் போய்விடும்.

அந்த வாக்குவாதம் வந்த அன்றைக்கு ஆடியது ஆப் பாக், வியட்நாம் போரில் வரும் ஒரு சண்டை. 1963 ஜனவரி 2, மேகாங் டெல்டா. தென் வியட்நாம் படையின் எம்113 கம்பெனி ஒன்று வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சண்டை. வண்டிகளைக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி எடுத்துக்கொண்டார், எதிர்ப்பக்கம் எங்கள் குழுவில் மூத்தவர். தம்பி வண்டியை மரவரிசைக்கு முன்னால் நிறுத்தி 13 பேரையும் இறக்கினார். இறக்கிய கையோடு, மேலே இருக்கும் 50 காலிபர் மெஷின்கன்னும் சுடும் என்று பகடையைக் கையில் எடுத்தார். மூத்தவர் விடவில்லை. "தம்பி, எல்லாரும் எறங்கியாச்சுங்கறீங்க, அப்புறம் சுடறது யாருங்க?" என்றார். தம்பி புத்தகத்தில் 13 என்று போட்டிருப்பதைக் காட்டினார். அரை மணி நேரம் ஆட்டம் நின்றது.

நான் சொன்ன தீர்ப்பு இது. டிரைவர் இறங்க மாட்டார். கமாண்டர்தான் அந்தத் துப்பாக்கியைப் பிடிக்கிறவர், அவரும் இறங்க மாட்டார். அவர் இறங்கினால் துப்பாக்கி ஊமை. ஆகவே இறங்குவது அதிகபட்சம் 11. மேலே நிற்கிறவர் அடிபட்டால், பின்னால் இருந்து ஒருவர் ஏறி அந்த இடத்தைப் பிடிக்கலாம். அப்போது இறங்கும் கணக்கில் ஒன்று குறையும், புதிதாக ஏறியவர் சுடுவதற்கும் பகடையில் கழிவு உண்டு.

இது நானாக இட்டுக்கட்டிய விதி இல்லை. ஆப் பாக்கில் நடந்ததே அதுதான். 50 காலிபரைப் பிடித்தவர்கள் இடுப்புக்கு மேலே எந்த மறைப்பும் இல்லாமல் நின்றார்கள். எதிர்ப்பக்கம் அவர்களைக் குறிபார்த்தே சுட்டார்கள். அடுத்தடுத்து விழுந்தார்கள். அந்த இடத்துக்கு ஏறியவர்களால் அதே மாதிரி அடிக்க முடியவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அதற்குப் பிறகுதான் துப்பாக்கிக்கு முன்னால் தகடு வைக்கும் பழக்கம் வந்தது. ஆரம்பத்தில் மூழ்கிய கப்பல்களின் தகட்டை வெட்டிக்கூடப் பொருத்தினார்கள். அந்த ஒரு ஆள் எவ்வளவு முக்கியம் என்று அவர்கள் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். நாம் மேஜையில் அவரைச் சும்மா இறக்கிவிட்டால் அந்தச் சண்டையை ஆடினோம் என்று சொல்ல முடியாது.

"விளையாட்டுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு, புத்தகத்தில் இருப்பதை ஆடுங்கள், சொந்தமாக விதி எழுதாதீர்கள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். வேகமான ஆட்டம் வேண்டுமென்றால் ஒரு வண்டிக்கு ஒரு செக்‌ஷன் (ஒரு சிறு காலாட்படைக் குழு) என்று வைத்து ஆடலாம், தப்பே இல்லை. ஆனால் நீங்கள் எண்ணைக் கேட்டீர்கள், வரலாற்று ஆட்டம் என்றும் சொன்னீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இருந்தவர் என் பெரியப்பா மகன், கோபிக்காரர். மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரியில், அதாவது கவச வண்டியில் போய்ச் சண்டை போடும் காலாட்படையில், பிஎம்பி-2 என்ற சோவியத் வண்டியை ஓட்டியவர். நம்ம மெதக் தொழிற்சாலையில் சரத் என்ற பெயரில் செய்தார்களே, அதே வண்டி. வண்டிக்காரர்கள் 3, ஏறி வரும் சிப்பாய்கள் 7. அவரிடம் ஒருநாள் இந்தக் கணக்கைக் கேட்டேன். "பொஸ்தகத்துல ஏழுன்னு போட்டிருப்பாங்க கண்ணு. லீவுல போனவன், கோர்ஸுக்குப் போனவன், காச்சல்ல படுத்தவன்னு கழிச்சுப் பாரு. நெறஞ்ச வண்டிய நான் பரேடுலதான் பாத்தேன்" என்றார். உள்ளே முதுகுக்கு முதுகு வைத்து, ஆளுக்கொரு சுடும் துளையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். பின்கதவுக்குள்ளேயே டீசல். தண்ணீர், குண்டுப்பெட்டி, பெட்டிப்படுக்கை எல்லாம் அதே இடத்தில்தான். அவர் சொன்ன பிறகு, எங்கள் ஆட்டத்தில் சண்டை ஆரம்பித்து நாள் கடந்துவிட்ட சூழல் என்றால் செக்‌ஷனில் ஒன்றிரண்டு பேரைக் குறைத்தே வைக்கிறோம்.

ஒரு தகவல், நம்ம ஆட்கள் பலருக்குத் தெரியாது. 1979-ல் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட் உருவானபோது அதன் முதல் பட்டாலியனாக ஆனது 1 மெட்ராஸ், அதாவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். அந்த ரெஜிமென்ட்டை உருவாக்க முன்னால் நின்றவர் பின்னாளில் ராணுவத் தளபதியான ஜெனரல் சுந்தர்ஜி, செங்கல்பட்டில் பிறந்தவர். வண்டியில் ஏறிப் போய்ச் சண்டை போடுவதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம்.

மற்ற வண்டிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் படையின் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். பிஎம்பி-1-ல் 3 பேர் வண்டிக்கு, 8 பேர் பின்னால். ஆனால் சோவியத் முறையில் வண்டியின் கமாண்டரே செக்‌ஷன் தலைவர். ஆட்கள் இறங்கும்போது அவரும் இறங்கிவிடுவார், கன்னர் பொறுப்பெடுத்துக்கொள்வார். எம்113 தீர்ப்பை இதற்கு அப்படியே போட்டால் செக்‌ஷனுக்குத் தலைவரே இருக்க மாட்டார். ஜெர்மன் 251 ஹாஃப்டிராக்கில் (முன்னால் சக்கரம், பின்னால் செயின் பட்டை உள்ள வண்டி) டிரைவரும் துணை டிரைவரும் வண்டியோடு நிற்பார்கள், 10 பேர் இறங்குவார்கள். கங்காரு என்ற ஆள் ஏற்றும் வண்டி இன்னொரு வகை. 1944 ஆகஸ்ட் 7 இரவு, கான் நகருக்குத் தெற்கே டோட்டலைஸ் தாக்குதலில், பிரீஸ்ட் என்ற பீரங்கி வண்டியின் பீரங்கியைக் கழற்றிவிட்டு அதில் ஆட்களை ஏற்றினார்கள். அந்த வண்டிக்காரர்கள் காலாட்படையைச் சேர்ந்தவர்களே இல்லை. இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அதை அங்கேயே நிறுத்திச் சுட வைப்பது சரியில்லை.

கூரையும் கோபுரமும் (மேலே சுழலும் துப்பாக்கிக் கூண்டு) வந்தால் இடம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். மேலே திறந்த சோவியத் வண்டியான பிடிஆர்-60பி 14 பேரை ஏற்றும். அதே வண்டிக்குக் கூரை போட்டு, மெஷின்கன் கோபுரம் வைத்த பிடிஆர்-60பிபி-க்கு வழக்கமாக 8 என்றுதான் போடுவார்கள். வண்டிப் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் எண்ணை எடுத்தால் வண்டிக்கு ஆறு பேர் காணாமல் போவார்கள். பெரிய வண்டி என்றால் பிடிஆர்-50, 20 பேர். அதில் ஒரு வண்டி போனால் ஒரே பகடையில் எவ்வளவு ஆள் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த வண்டிகளை ஏன் மரத்தில் செய்கிறீர்கள், வாங்கலாமே என்று கேட்கிறார்கள். வாங்கினோம். வெளிநாட்டில் இருந்து ஈய பொம்மை வீரர்கள் ஒரு பெட்டி வரவழைத்தோம். வந்த இடத்தில் அது பொம்மை என்று நிறுத்தி வைத்தார்கள். 2020 பட்ஜெட்டில் பொம்மைக்குச் சுங்க வரி 20-ல் இருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70. 2021-ல் இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளுக்குச் சோதனை வேண்டும், நியாயம்தான். நாற்பது வயது ஆள் தனக்காகப் பெயின்ட் அடிக்க வாங்கும் இரண்டு சென்டிமீட்டர் உலோக வீரனுக்கு எந்தச் சான்றிதழை யாரிடம் வாங்குவது? கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டோம், பெட்டி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. காசு போனதை விட, அதை பொம்மை என்று சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். வண்டிக் கார்டில், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் விவரம் எழுதி வைக்கும் அட்டையில், ஒரே எண்ணைப் போடாதீர்கள். வண்டியோடு நிற்பவர், இறங்குபவர் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எம்113-க்கு 2, 11. துப்பாக்கியைப் பிடிப்பவர் யார் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை. 1971 ஆடுவதாக இருந்தால் பாகிஸ்தான் பக்கம் எம்113 வைக்கலாம், நம்ம பக்கம் செக்கோஸ்லோவாக்கியா, போலந்து நாடுகளின் டோபாஸ், ஸ்காட் என்ற ஆள் ஏற்றும் வண்டிகள். ஆனால் எல்லாக் காலாட்படைக்கும் வண்டி கொடுத்துவிடாதீர்கள், அன்றைக்குப் பெரும்பாலோர் நடந்துதான் போனார்கள். எந்தச் சண்டை, எந்த வருஷம் என்று எழுதினால் அதற்கான கார்டை நானே போட்டுத் தருகிறேன்.