சிறுநீரக நோயும் உடல் எடையும்: கேள்வி பதில்

திருகோணமலைப் பகுதியில் நாள்பட்ட சிறுநீரக நோயுடன் வாழ்வோரும் அவர்களின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் பதிலளிக்கிறார்.

உவர்மலை: ஐயா, எனக்கு நீரிழிவும் மூன்றாம் கட்டச் சிறுநீரக நோயும் உண்டு. உயரம் 165 சென்ரிமீற்றர், எடை 84 கிலோ. எடையைக் குறைத்தால் நோய் நின்றுவிடுமா?

நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். அதன் வேகம் தணிய வாய்ப்புண்டு. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உங்கள் உடல் திணிவுச் சுட்டெண் (BMI) ஏறக்குறைய 31, ஆசியருக்கு 27.5 ஐ எட்டினாலே ஆபத்து அதிகமெனக் கொள்வர். உடல் பெருத்தாலும் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் எண்ணிக்கையில் கூடுவதில்லை. இருக்கின்றவையே கூடுதல் அமுக்கத்தில் உழைத்து, நாளடைவில் தழும்பேறி, புரதத்தைச் சிறுநீரில் ஒழுகவிடுகின்றன. ஆகவே எடையோடு சிறுநீரிற் செல்லும் புரத அளவையும் ஒரே கொப்பியில் குறித்து வாருங்கள். எடை இறங்க இறங்க, சீனிக்கும் பிரஷருக்கும் எடுக்கும் மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம் என்பதால், கிளினிக்கில் சொல்லாமல் பட்டினி கிடக்க வேண்டாம்.

மூதூர்: அம்மா சாப்பிடுவதே குறைவு. ஆனால் இரண்டு நாளில் 2 கிலோ கூடிவிட்டார்.

அது கொழுப்பன்று, நீர். ஒரு லீற்றர் நீர் உடலில் தங்கினால் தராசில் ஒரு கிலோ ஏறும். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் சற்று நேரம் அமுக்கிவிட்டு எடுங்கள். குழி உடனே மறையாவிட்டால் வீக்கம் உண்டு. ஒரு நாளுக்கான உப்பு 5 கிராமுக்குள், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். எனது முதற் சந்தேகம் கருவாட்டுக் குழம்பின் மீதுதான். இந்த வீக்கத்தைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நிலாவெளி: மெலிவதற்காகத் தினமும் பச்சைக் கீரைச் சாறு குடிக்கலாமா?

வேண்டாம். அதிலுள்ள ஒட்சலேற்று என்னும் சேர்மமும் பொட்டாசியம் என்னும் தாதுப்பும் பழுதடைந்த சிறுநீரகத்துக்குச் சுமையாகும்.

தம்பலகாமம்: வயல் செய்யும் அப்பா இயல்பிலேயே மெலிந்தவர். நான்கு மாதத்தில் 6 கிலோ குறைந்திருக்கிறார். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினும் இரத்தத்தில் சற்று இறங்கியிருக்கிறது. இது நல்ல அறிகுறிதானே?

அவசரப்பட்டு மகிழாதீர்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால், சிறுநீரகம் தேறாமலே அந்த எண் இறங்கும். கதிரையில் கையூன்றாமல் அவரால் எழ முடிகிறதா என்று பாருங்கள். தசையளவை அவ்வளவாகச் சாராமல் சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் சிஸ்டற்றின் சி என்ற இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரக நோய்க்குப் புரதம் ஆகாதென்று மீனையும் முட்டையையும் அடியோடு நிறுத்தியிருந்தால், எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் அன்றே கேட்டு வாருங்கள்.